வண்ணக்கனும் வரலாற்றாசிரியனும்: பண்டை நாணயச் சேகரிப்புப் பற்றியதொரு திறனாய்வு

சங்கப் புலவர் பெயர்ப் பட்டியலில் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் ஆகிய பெயர்கள் காணப்படுகின்றன. வண்ணக்கன் என்பான் நாணயத்தை நோட்டம் பார்ப்பவன். பொன்னின் மாற்றையும் காசின் நிறையையும் ஆராய்ந்து, இது செல்லும், இது செல்லாது எனத் தீர்ப்பளிப்பது அவன் தொழில். அத்தொழிலுக்கெனத் தனிப் பெயர் ஒன்று வழங்கியிருப்பதே, அக்காலத் தமிழர் வாழ்வில் நாணயம் பெற்றிருந்த இடத்தைப் புலப்படுத்தும். பதிற்றுப்பத்தின் பதிகங்கள் சேர மன்னர் புலவர்க்கு ஈந்த காணங்களை எண்ணிக் கூறுவதும் இதனோடு ஒருங்கு வைத்து நோக்கத்தக்கது.

இன்று பழங்காசைக் கையில் எடுப்போர் இரு திறத்தினர். ஒருவர் அதனைச் சேகரிப்பவர். மற்றவர் அதனைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாசிரியர். சேகரிப்பவர் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் வண்ணக்கன் கேட்டவையே. காசு மெய்யானதா, போலியா? எழுத்துத் தெளிவாக உள்ளதா? அரிதானதா? வரலாற்றாசிரியன் கேட்கும் முதல் வினாவோ வேறு. இக்காசு எங்கே, எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்பதே அவ்வினா. முதல்வகை வினாக்களுக்குக் காசே விடை கூறும். இரண்டாம்வகை வினாவிற்குக் காசை எடுத்த கை மட்டுமே விடை கூற முடியும். அந்தக் கை வாய் திறவாதுவிடின் விடை என்றென்றைக்கும் மறைந்துபோகும். தமிழகத்திலும் ஈழத்திலும் பண்டை நாணயவியல் கடந்த நாற்பது ஆண்டுகளில் கண்ட வளர்ச்சியையும் அதன் குறைபாட்டையும் இவ்விரு வினாக்களின் வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கெல்தியர் காசு தரும் ஒப்புமை

நாணயச் சேகரிப்பு ஒரு நாட்டின் வரலாற்றுக்கு எவ்வளவு உதவும், எவ்வளவு ஊறு செய்யும் என்பதற்கு மேற்கு ஐரோப்பியக் கெல்தியரின் நாணயங்கள் சிறந்த எடுத்துக்காட்டாகும். உரோமர் ஆட்சி பரவுவதற்கு முன்னர்க் கெல்தியக் குழுக்கள் தமக்கெனக் காசடித்தன. மசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் பொற்காசே அவற்றுள் பலவற்றிற்கு மூலமாயிற்று. அக்காசின் ஒருபுறம் அப்பொலோவின் தலையும் மறுபுறம் இரட்டைக் குதிரைத் தேரும் இருந்தன. கெல்தியக் கம்மியர் கையில் அத்தலை படிப்படியாகச் சுருள்களாகவும் இலை மாலையாகவும் சிதைந்தது. தேர் மறைந்து குதிரை மட்டும் நின்றது. இச்சிதைவைத் திறமையின்மை எனக் கருதுவதைவிட, பிறர் வடிவை வாங்கித் தம் நோக்கிற்கேற்ப மாற்றிக்கொண்ட கலைமரபு எனக் கொள்வதே பொருத்தமாகும். இவ்வடிவ மாற்றத்தின் வரிசையை நிறுவி, அதனைக் கொண்டே காலவரிசை கண்டவர் ஜோன் எவான்ஸ். பண்டைப் பிரித்தானியர் நாணயங்கள் பற்றிய அவரது பெருநூல் 1864இல் வெளிவந்தது. அவரும் ஒரு சேகரிப்பாளரே என்பது குறிப்பிடத்தக்கது.

கி.பி. 43இல் குளோடியஸ் பேரரசன் படையெடுப்பதற்கு முன்னர்ப் பிரித்தானியாவில் ஆண்ட மன்னர் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தாரல்லர். உரோமர் எழுதிய சில வரிகள் நீங்கலாக, அவர் பெயரைக் காப்பது காசே. தென் பிரித்தானிய மன்னன் ஒருவனின் பெயர் நெடுங்காலம் ‘திங்கோமியஸ்’ என்றே வழங்கிவந்தது. காசுகளில் பெயர் குறுக்கமாகவே பொறிக்கப்பட்டிருந்தமையால் எஞ்சிய பகுதியை அறிஞர் ஊகித்து நிரப்பினர். 1996இல் ஹம்ப்ஷயர் பகுதியின் ஓல்ற்றன் என்னும் ஊருக்கருகே கிடைத்த புதையலில் பெயர் முழுமையாக இருந்தது. அது ‘திங்கோமாறஸ்’ என்பதாகும். ஒரு புதையல் அறிவிக்கப்பட்டமையால் ஓர் அரசனின் பெயர் திருந்தியது.

இதற்கு மறுபுறமும் உண்டு. சறே மாவட்டத்து வன்பறோ என்னுமிடத்தில் பழைய கோயில் ஒன்றின் நிலம் 1983 முதல் 1985 வரை உலோகங்காட்டும் கருவிகளோடு இரவில் வந்தோரால் சூறையாடப்பட்டது. ஆயிரக்கணக்கான கெல்தியக் காசுகள் சந்தையிற் சிதறின. அவை இன்றும் யார் யாருடைய பேழைகளிலோ இருக்கக்கூடும். அவை வன்பறோக் காசுகள் என்று எவரும் இனி உறுதியாகக் கூற இயலாது. எந்தக் காசு எந்தக் காசோடு எந்தத் தெய்வத்தின் முன்னிலையில் இடப்பட்டது என்ற செய்தி அக்குழிகளோடு அழிந்தது. இக்கொள்ளை எழுப்பிய கொதிப்பு, 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டம் இயற்றப்படுவதற்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. ஆயினும் அந்நாட்டினர் சேகரிப்போரை வெறுத்தொதுக்கவில்லை. ஒக்ஸ்போட்டில் 1961இல் தொடங்கப்பட்ட கெல்திய நாணய அட்டவணை, தனியார் கையிலுள்ள காசுகளையும் படத்தோடும் கண்டெடுத்த இடத்தோடும் பதிவு செய்யும் முறையை வளர்த்தது. 2012இல் ஜேர்சித் தீவில் இருவர் கண்டறிந்த புதையலில் ஏறத்தாழ 70,000 காசுகள் இருந்தன. அவர்கள் அதனைத் தாமே தோண்டி எடுக்கவில்லை; அறிவித்துவிட்டு விலகினர். அப்புதையல் ஒரே மண்கட்டியாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, ஒவ்வொரு காசின் இருப்பும் அளக்கப்பட்டுப் பிரிக்கப்பட்டது. வன்பறோவிலும் ஜேர்சியிலும் தேடியோர் கையில் இருந்த கருவி ஒன்றே. கண்டதை அறிவித்தமையும் அறிவியாமையுமே வேறுபாடு.

2. கரூர் ஆற்றுமணலும் சங்ககால மன்னரும்

கெல்திய மன்னர் வரலாற்றுக்கும் சங்ககாலத் தமிழ் மன்னர் வரலாற்றுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கெல்தியருக்குக் காசு கிடைத்தது, இலக்கியம் கிட்டவில்லை. தமிழருக்கு இலக்கியம் கிட்டியது. மன்னர் பெயர் பொறித்த காசு நெடுங்காலம் கிடைக்கவில்லை. இதனால் சங்க மன்னர் தமக்கெனக் காசடித்தாரா என்ற ஐயம் அறிஞரிடையே நிலவியது. இவ்வையத்தைப் போக்கியவர் பல்கலைக்கழக ஆய்வாளர் அல்லர். நாளிதழ் ஆசிரியரும் நாணயச் சேகரிப்பாளருமான இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021) அவர்களே அப்பணியைச் செய்தார். 1980களில் அவர் வெளிப்படுத்திய ‘பெருவழுதி’ என்னும் தமிழ்ப் பிராமி எழுத்துடைய பாண்டியர் செப்புக் காசு ஒரு திருப்புமுனையாகும். தொடர்ந்து, ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’, ‘கொல்லிப்புறை’ முதலிய பெயர் தாங்கிய சேரர் காசுகளும் அறிஞர் பார்வைக்கு வந்தன. சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிய அவரது ஆங்கில நூல் 1997இல் வெளிவந்தது.

இப்பணியின் பெருமையைக் குறைத்து மதிப்பிடுவது நன்றிகேடாகும். புலவர் பாடிய பெயர்கள் உலோகத்தில் எழுந்து நின்றன. மாக்கோதை வெள்ளிக் காசில் பொறிக்கப்பட்ட தலை உரோமக் காசின் சாயல் உடையது. அதன் மறுபுறம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. பிலிப்பின் காசைக் கெல்தியர் எவ்வாறு தமதாக்கினரோ, அவ்வாறே உரோமப் பேரரசன் தலையைச் சேரன் தன் தலையாக்கினான் எனலாம். வாணிகத்தால் வந்த காசு அரசியற் பெருமிதத்தின் வடிவமாக மாறியமைக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

எனினும் திறனாய்வு இத்துடன் நின்றுவிடலாகாது. இக்காசுகளுள் மிகப் பல கரூரில் அமராவதி ஆற்றுமணலிலிருந்து எடுக்கப்பட்டு, வணிகர் கைமாறிச் சேகரிப்பாளரை அடைந்தவை. ஆறு அரித்துக் கொணர்ந்த காசு எந்த அடுக்கிலிருந்து பெயர்ந்தது என்பதை அறிய வழியில்லை. எனவே காலத்தைக் கணிப்பதற்கு எழுத்து வடிவம் ஒன்றே துணையாகிறது. எழுத்தின் காலத்தைக் காசு கொண்டும், காசின் காலத்தை எழுத்துக் கொண்டும் நிறுவ முற்படும் சுற்றுவாதம் இங்கு எளிதிற் புகுந்துவிடும். இவ்விடர் நூலாசிரியரின் குற்றமன்று; காசு அவரை வந்தடைந்த வழியின் குற்றமாகும். ஆயினும் அந்நூலைச் சான்றாகக் கொண்டு எழுதும் பின்னையோர், அதிலுள்ள பெயர்களை உறுதியாகவும் அதிலுள்ள ஆண்டுக்கணிப்புகளை எச்சரிக்கையோடும் எடுத்தாளுதல் வேண்டும். பட்டியலின் எல்லாப் பத்திகளுக்கும் ஒரே அளவு நம்பகம் இல்லை.

3. ஊவாவின் நீர் சென்றடையும் ஊர்

பண்டாரவளைக்கு அண்மைய ஊவா மலைகளில் ஊற்றெடுக்கும் கிரிந்தி ஓயா, தெற்கு நோக்கி ஓடித் திஸ்ஸமகாராமை வயல்களுக்கு நீரளித்துக் கடலிற் கலக்கிறது. உரோகணத்தின் பழைய தலைநகராகிய மாகமை இருந்த நிலம் அது. அந்நிலத்தின் பழங்காசுகளைப் பற்றி முதலில் எழுதியோருள் ஒருவர் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பாக்கர். திஸ்ஸவாவி திருத்தப்பட்ட காலத்தில் கண்டவற்றை அவர் 1884இல் வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை வாயிலாக வெளியிட்டார். பிற்பட்ட உரோமச் செப்புக் காசுகள், அவற்றைப் பார்த்து இத்தீவிலேயே அடிக்கப்பட்ட போல்மங்கள், இலக்குமி உருவம் பொறித்த தகடுகள் முதலியவற்றை ஒழுங்குபடுத்திய பெருமை எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலுக்கு உரியது. நூறாண்டு கடந்தும் அந்நூல் கைவிடப்படவில்லை. அதன் காரணங்களுள் ஒன்று, தெரிந்தவிடத்துக் கண்டெடுத்த இடத்தைக் குறிக்கும் அதன் ஒழுக்கமாகும்.

திஸ்ஸமகாராமையை அடுத்த அக்குருகொடையிலிருந்து வந்தனவாகக் கூறப்படும் எழுத்துப் பொறித்த காசுகள், தனியார் சேகரிப்பொன்றின் துணையோடு ஒஸ்மண்ட் போபேஆரச்சி, ராஜா விக்கிரமசிங்க ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட உரோகணம் பற்றிய நூலில் இடம்பெற்றன. அக்காசுகளின் எழுத்துகள் பிராகிருதமாகவே அங்கு கொள்ளப்பட்டன. மறு ஆண்டில் ஐராவதம் மகாதேவன் அவற்றுட் சிலவற்றை மீள வாசித்து, அவை பழந்தமிழ்ப் பெயர்கள் என வாதிட்டார். உத்திரன், மகாசாத்தன் போன்ற பெயர்களின் இறுதியில் நிற்கும் ‘அன்’ என்னும் ஆண்பால் ஒருமை விகுதியும், அதனைக் குறிக்கும் னகர எழுத்தும் அவரது வாதத்தின் அச்சாணியாகும். ஒரு மெய்யெழுத்தின் மேல் ஒரு கூட்டத்தாரின் இருப்பே நிலைபெறுகிறது. தெற்கே, கடலோரத்தில், தம் பெயரைத் தம் எழுத்தில் காசில் பொறிக்கும் நிலையில் தமிழ் வணிகர் இருந்தனர் என்னும் முடிபு, இந்நாட்டு வரலாற்றை ஒரே இனத்தின் தனிக்கதையாக எழுதுவோர்க்கு விடையளிக்கும் ஆற்றலுடையது.

இங்கு இரண்டு கருத்துகள் பிரித்துணரத்தக்கன. முதலாவது, 1999ஆம் ஆண்டு நூலின் வாசிப்பு மறுக்கப்பட்டதேனும் அந்நூலின் பயன் குறையவில்லை. தெளிவான படங்களை வெளியிட்டமையாலேயே மறுவாசிப்பு இயன்றது. காசைப் பூட்டி வைத்துத் தம் வாசிப்பை மட்டும் அறிவிப்போரை எவரும் திருத்த முடியாது. திருத்தப்படுவதற்குத் தன்னை ஒப்புவிக்கும் நூலே ஆய்வு நூல். இரண்டாவது, மறுவாசிப்பு எவ்வளவு நுட்பமானதாயினும், அது பெயரின் மொழியையே நிறுவும். அக்காசு அங்காடித் தெருவிற் கிடைத்ததா, கம்மியர் பட்டறையிற் கிடைத்ததா, ஒரு குடத்துள் ஏனைக் காசுகளோடு இருந்ததா என்பதை அது கூறாது. உத்திரன் என்பான் அவ்வூரிற் காசடித்தவனா, அவ்வழிச் சென்றவனா என்ற வினாவிற்கு விடை மண்ணில் இருந்தது, மண் கலைக்கப்பட்டுவிட்டது.

இதே ஊரில் ஜேர்மன் தொல்லியல் நிறுவனத்தார் 1992 முதல் இலங்கைத் தொல்லியற் றிணைக்களத்தோடு இணைந்து மேற்கொண்ட முறையான அகழ்வு, இக்குறையை அளந்தறியும் வாய்ப்பைத் தருகிறது. அகழ்வின் முதல் தொகுதி 2001இல் வெளிவந்தது. இலங்கையின் பண்டை நாணயங்கள் பற்றி றைன்ஹோல்ட் வால்பேர்க் எழுதிய தொகுதி 2008இல் வந்தது. 1999ஆம் ஆண்டு நூலைப் புரட்டுவோர் அழகிய காசுகளைக் காண்பர்; அகழ்வு நூல்களைப் புரட்டுவோர் தேய்ந்த காசுகளையும் உடைந்த துண்டுகளையும் காண்பர். கண்ணுக்கு இனியது முன்னது. காலத்தைப் பற்றி வாதிடும்போது நின்று பேசுவது பின்னது. தேய்ந்து எழுத்தற்ற ஒரு காசும், தன் அடுக்கு அறியப்பட்டதாயின், எழுத்துடைய அநாதைக் காசொன்று கூற முடியாததைக் கூறும்.

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் பல்கலைக்கழகத்தாரின் அகழ்வில் கிடைத்த முத்திரையை இவ்விடத்து நினைவுகூரலாம். அதன் எழுத்துகள் ‘கோவேத’ என வாசிக்கப்பட்டன. அச்சொல்லின் பொருள் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அது ஓர் ஈமப் புதைகுழியில், மனித எலும்புக்கூட்டோடு கிடைத்தது என்பதில் வேறுபாடில்லை. வாதத்தின் ஒரு கால் உறுதியான நிலத்தில் ஊன்றியிருப்பதால் மற்றக் கால் எங்கு வைக்கப்படினும் ஆய்வு விழுந்துவிடுவதில்லை. அக்குருகொடைக் காசுகளுக்கு இந்த ஒரு கால் இல்லை. தமிழர் தொன்மை பற்றி ஆர்வத்தோடு எழுதுவோர் இவ்வேறுபாட்டை மறைப்பது, தம் வழக்கைத் தாமே நலிவிப்பதாகும். எதிர்வழக்காடுவோர் முதலிற் கை வைக்கும் இடம் இதுவே.

4. வெட்டுண்ட பொற்காசுகள்

முழுமையாகக் காக்கப்பட்ட ஒரு புதையல் என்ன கற்பிக்கும் என்பதற்குப் புதுக்கோட்டைச் சீமையில் 1898இல் கிடைத்த உரோமப் பொற்காசுகள் சான்று. கருக்காக்குறிச்சியிற் கண்டெடுக்கப்பட்ட அப்புதையலில் 501 காசுகள் இருந்தன. அவை சிதறுமுன் ஒருங்கே ஆராயப்பட்டு, ஜி. எப். ஹில் என்பவரால் வெளியிடப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசன் தலைக்குக் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டிய தழும்பு உண்டு. இதற்குப் பல விளக்கங்கள் கூறப்பட்டுள்ளன. விளக்கம் எதுவாயினும், ஒருவனோ ஒரு கூட்டமோ திட்டமிட்டு ஒரே முறையில் இதனைச் செய்தது என்பது வெளிப்படை.

இக்காசுகள் தனித்தனியே சந்தைக்கு வந்திருப்பின் நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்க்கலாம். வெட்டுண்ட காசைச் சேகரிப்பவர் குறையுடையதென்று ஒதுக்குவார்; வணிகர் அதனை உருக்குவார்; வெட்டுப்படாத சிலவே பேழையேறும். அப்போது தமிழ்நாட்டிற் புழங்கிய உரோமப் பொன் பற்றி எஞ்சும் சித்திரம் முற்றிலும் பொய்யானதாக இருக்கும். சேகரிப்பவர் கண்ணுக்குக் குறையாகத் தோன்றிய தழும்பே வரலாற்றுக்கு வாய்த்த தலையாய செய்தி. அழகையும் அருமையையும் மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் சேகரிப்பு, தான் அறியாமலே கடந்தகாலத்தைத் திருத்தி எழுதுகிறது என்ற உண்மையை இதனினும் தெளிவாக உணர்த்தும் எடுத்துக்காட்டு அரிது.

5. லுணுகலையும் தோட்டத்துக் காசும்

இவ்வாராய்ச்சி பழங்காலத்தோடு நின்றுவிடுவதன்று. பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலை செல்லும் வீதியில் அமைந்தது லுணுகலை. அதனைச் சூழ்ந்த மலைகளில் இன்று தேயிலை நிற்கிறது. 1869இல் இலைநோய் தோன்றி அழிக்கும் வரை மலையகத் தோட்டங்களின் பயிர் கோப்பியே. புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் கையில் சில்லறைத் தட்டுப்பாடு காரணமாகக் கொழும்பு வணிக நிறுவனங்களும் தோட்டத்துரைமாரும் தாமே அடித்து வழங்கிய அடையாளக் காசுகள் புழங்கின. கொழும்பு வெகந்தை ஆலையின் பெயரும் 1843 என்னும் ஆண்டும் பொறித்த காசு அவ்வகையது. இலங்கையின் பணம் 1872இல் ரூபாய், சதம் என்ற பதின்ம முறைக்கு மாறிய பின்னரும் இவ்வகைக் காசுகளின் நினைவு நீங்கவில்லை. இவற்றைத் தொகுத்து லோஸ்லி என்பார் இலண்டன் நாணயவியல் இதழில் 1895இலேயே எழுதினார்.

பிற்காலச் சேகரிப்போர் பட்டியல்களில் இக்காசுகள் பெரிதும் நிறுவனப் பெயராலும் உலோகத்தாலும் அருமையாலும் வரிசைப்படுத்தப்படுகின்றன. அடித்தவன் பெயர் தெரிகிறது; வாங்கியவன் பெயர் தெரியவில்லை. ஒரு காசு எந்தத் தோட்டத்து லயத்தில், எந்தக் குடும்பத்துத் தகரப் பெட்டியில், எக்காரணம் பற்றிச் செலவழிக்கப்படாமல் எஞ்சியது என்பது கேட்கப்படுவதில்லை. கெல்தியரைப் போலவே கோப்பிக்காலத் தொழிலாளரும் தம் வரலாற்றைத் தாம் எழுதி வைக்கும் வாய்ப்பற்றவர். அவரைப் பற்றி எழுதியோர் துரைமாரும் அதிகாரிகளும். அவர் விட்டுச் சென்ற எழுத்துச் சான்று சொற்பமாதலால், அவர் கைபட்ட பொருள் ஒவ்வொன்றும் சாசனத்துக்கு நிகராகும். 1921இல் ஒழிக்கப்பட்ட ‘துண்டு’ முறையின் சீட்டும், செக்றோல் ஏட்டின் கிழிந்த தாளும், மஞ்சள் துணியில் நேர்த்திக்காக முடிந்து வைத்த காசும் இவ்வகையின.

மஞ்சள் துணியில் முடிந்த காசைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். தமிழ்க் குடும்பங்களில் நோய் நீங்கவும் பயணம் செம்மையுறவும் தெய்வத்துக்கு நேர்ந்து காசு முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. அத்துணியை அவிழ்த்துக் காசை மட்டும் எடுத்து, அதன் ஆண்டையும் மன்னர் தலையையும் பார்த்து விலை பேசும் கணத்தில், ஒரு வேண்டுதலின் வரலாறு அழிந்து ஒரு பண்டம் பிறக்கிறது. புதுக்கோட்டைச் சமத்தானத்தின் அம்மன் காசு மலையகத்து முடிச்சொன்றில் கிடைக்குமாயின், அது சந்தையில் மலிவான செப்புத் துண்டே. அது இருந்த குடும்பத்தின் வாய்மொழியோடு சேர்த்துப் பதியப்படுமாயின், ஒரு புலம்பெயர்வின் நேரடிச் சான்றாகும். விலை குறைந்த காசே செய்தி மிகுந்த காசாக இருக்கக்கூடும்.

இடம் பெயர்ந்த பொருள் எல்லாம் ஊமையாகிவிடும் என்பதற்கில்லை. பதுளை நகரிற் காக்கப்படும் பத்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு முதலில் மகியங்கனைப் பக்கத்துச் சொரபொர வாவியருகே இருந்தது. நான்காம் உதய மன்னன் காலத்து ஹோபிட்டிகமச் சந்தையின் ஒழுங்குவிதிகளைக் கூறும் அக்கல், இடம் மாறியும் தன் ஊரைத் தானே கூறுகிறது. அதனை எடுத்த இடத்தையும் எழுதி வைத்தனர். காசுக்கு அத்துணை நாவன்மை இல்லை. அது கூறாததை எடுத்தவர் எழுதி வைத்தாலன்றி வழியில்லை.

6. சேகரிப்போர் தரப்பும் அதன் எல்லையும்

சேகரிப்போர் தம் தரப்பில் கூறும் நியாயங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. தாம் வாங்காவிடின் பொன் தட்டான் உலைக்கும் செம்பு பாத்திரக்காரன் உலைக்கும் சென்றிருக்கும் என்பது முதல் நியாயம். கரூர்க் காசுகளைப் பொறுத்தவரை இது மறுக்கவொண்ணாதது. அரும்பொருளகங்களில் ஆண்டுக்கணக்காகத் திறவாமற் கிடக்கும் பெட்டிகளைவிடத் தம் பேழைகள் அறிஞர்க்கு எளிதில் திறக்கின்றன என்பது இரண்டாவது. இதிலும் உண்மை உண்டு. ஆயினும் இவ்விரண்டும் ஏற்கெனவே மண்ணைவிட்டு வெளிவந்த காசுகளுக்கே பொருந்தும். நல்ல விலை கிடைக்கும் என்ற செய்தி பரவியதும், மண்ணினுள் இருக்கும் காசைத் தேடிப் புதிய குழிகள் வெட்டப்படுகின்றன. வாங்குபவர் உலையிலிருந்து ஒரு காசைக் காக்கும் அதே விலை, வேறிடத்தில் பத்துக் குழிகளை வெட்டத் தூண்டக்கூடும். ஒரு கையால் மீட்டதை மறு கையால் இழக்கும் இந்நிலையை முதல் நியாயம் கணக்கில் எடுப்பதில்லை.

இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், மண்ணிற் கண்டறியப்படாதிருக்கும் தொல்பொருளை அரசின் உடைமையாகக் கொள்கிறது. சட்டம் அவசியமே. ஆனால் அச்சத்தை மட்டும் விளைவிக்கும் சட்டம் காசை மறைக்கவே தூண்டும். ஏர்முனையிற் காசு தட்டுப்பட்ட உழவனும், கொழுந்து நிரை வெட்டும்போது பானை ஓட்டைக் கண்ட தொழிலாளியும் அறிவிக்க முன்வருவது, அறிவித்தால் அவமதிப்பும் அலைச்சலும் நேராது என்ற நம்பிக்கை உள்ளபோதே. ஜேர்சியில் இருவரை அறிவிக்கத் தூண்டியதற்குச் சட்டத்தோடு மதிப்பும் காரணமாயிற்று என்பதை இந்நாட்டு நிறுவனங்களும் சிந்தித்தல் வேண்டும்.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கின், நாணயச் சேகரிப்பையும் அதன் வழி எழும் நூல்களையும் மதிப்பிட மூன்று உரைகற்கள் போதும். காசின் இருபுறமும் பிறர் மீள வாசிக்கத்தக்க படமாக வெளியிடப்பட்டுள்ளனவா என்பது ஒன்று. கண்டெடுத்த இடம் கூறப்பட்டுள்ளதா, அது நேரிற் கண்டதா, வணிகர் சொற்கேட்டதா என்பது பிரித்துக் காட்டப்பட்டுள்ளதா என்பது இரண்டு. உடனிருந்த பொருள்கள், அழகற்றனவும் தேய்ந்தனவும் உட்பட, பட்டியலில் இடம்பெற்றுள்ளனவா என்பது மூன்று. கிருஷ்ணமூர்த்தியின் நூல் முதலாவதில் சிறந்து நிற்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஆற்றுமணல் அவரைக் கட்டுப்படுத்தியது. 1999ஆம் ஆண்டு உரோகண நூல் முதலாவதாற் பிழைத்தது. அகழ்வுத் தொகுதிகள் மூன்றிலும் தேறின. கோப்பிக்காலக் காசுகளின் பட்டியல்கள் முதலாவதை மட்டுமே எட்டியுள்ளன.

இறுதியில் கூறிய குறை மாணவரால் நீக்கக்கூடியது. அதற்கு அகழ்வு உரிமமோ பெரும்பொருளோ தேவையில்லை. லுணுகலையிலும் மடுல்சீமையிலும் பசறையிலும் உள்ள தோட்ட வீடுகளிற் காசு ஏதும் இருப்பின், அதனை விலைக்குக் கேளாது, இருந்த இடத்திலேயே படம்பிடித்து, வைத்திருப்பவர் கூறும் செய்தியை அவர் சொல்லிலேயே எழுதி, அவர் இசைவோடு பதிவு செய்து, காசை மீண்டும் அவர் கையிலேயே ஒப்படைக்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் முடிச்சை இவ்வாறு பதிவு செய்தால், சில ஆண்டுகளில் பல்கலைக்கழக நூலகமொன்றில் மலையகத்தாரின் காசுகளுக்கு ஓர் அட்டவணை உருவாகும். வண்ணக்கன் காசைப் பார்த்துச் செல்லும், செல்லாது என்றான். லுணுகலைத் தோட்டத்துச் செப்புக் காசு கடையிற் செல்லாது. அதனை வைத்திருக்கும் பாட்டியின் சொல்லோடு சேர்த்து எழுதப்படின் வரலாற்றிற் செல்லும்.